கல்சட்டி உடைந்து வந்ததாகச் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கிறார்: நான் மறுப்பது நியாயமா?

ஆத்தூர் கல்சட்டி (கேள்வி, செவ்வாய் காலை)

அனைவருக்கும் வணக்கம். சேலம் மாவட்டம் ஆத்தூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஆறு ஆண்டுகளாகக் கல்சட்டி விற்கிறேன். முதல் மூன்று ஆண்டுகள் தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்றேன். பிறகுதான் ஒரு பெரிய இணைய விற்பனைத் தளத்தில் கடை திறந்தேன். கடை என்றால் நானும் என் மாமியாரும்தான். கடைசல் பட்டறையிலிருந்து சட்டிகள் வந்து இறங்கியதும் அவர் ஒவ்வொன்றையும் கவிழ்த்து, விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். நல்ல சட்டி தெளிவாக ஒலிக்கும். உள்ளே விரிசல் ஓடியிருந்தால் ஒலி அமுங்கிவிடும். அப்படி அமுங்கியதை அதே வண்டியில் திருப்பி ஏற்றிவிடுவோம். இதை முதலிலேயே சொல்லக் காரணம், விரிசல் விழுந்த சட்டியைத் தெரிந்தே அனுப்புகிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

இப்போது சிக்கல். ஜூன் 3ஆம் தேதி புனேயில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு மூன்று லிட்டர் சட்டி ஒன்றும் அரை லிட்டர் சட்டி ஒன்றும் அனுப்பினேன். பெரியது 2,150 ரூபாய், சிறியது 650 ரூபாய். 8ஆம் தேதி பார்சல் அவர் கைக்குப் போய்விட்டது. 9, 10, 11 என்று நாட்கள் போயின. ஒரு வார்த்தையும் இல்லை. 17ஆம் தேதி இரவு தளத்தில் புகார் வருகிறது: "பொருள் சேதமடைந்த நிலையில் வந்தது. முழுப் பணமும் வேண்டும்." கூடவே மூன்று படங்கள்.

படத்தைப் பார்த்தவுடன் எனக்கு வயிறு எரிந்தது. நான் அனுப்பிய சட்டி வெளிர் சாம்பல் நிறம். சட்டி கடையும் மாக்கல் அப்படித்தான் இருக்கும். படத்தில் இருக்கும் சட்டி கறுத்திருக்கிறது. விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவியிருக்கிறார். அடிப்புறத்தில் எண்ணெய் கருகிய பழுப்பு வளையம் தெரிகிறது. கேஸ் அடுப்பின் பர்னர் வட்டம் அப்படியே பதிந்திருக்கிறது. விரிசல் விளிம்பிலிருந்து கிட்டத்தட்ட அடிவரைக்கும் இறங்கியிருக்கிறது. அடுப்பில் ஏற்றிய சட்டியைக் காட்டி, "வரும்போதே உடைந்திருந்தது" என்று எப்படி ஒருவர் எழுத முடியும்?

கல்சட்டியைப் பழக்கத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புதுச் சட்டியை நேராக நெருப்பில் வைக்கக் கூடாது. எண்ணெயும் மஞ்சளும் பூசி ஊறவிட வேண்டும். ஒரு வாரம் தினமும் வெதுவெதுப்பான வடிகஞ்சி ஊற்றி வைத்துக் கொட்ட வேண்டும். பிறகு சின்னத் தீயில் தண்ணீர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பழகிய பிறகு அது தரும் சுவைக்கு ஈடு கிடையாது. அடுப்பை அணைத்துக் கால் மணி நேரம் ஆனாலும் வத்தக்குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். ஆனால் பழகாத சட்டியைப் பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்தால் அடி சட்டென்று விரியும், மேலே கல் குளிர்ந்தே இருக்கும், சட்டி பிளந்துவிடும். இந்த விவரம் எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த தாளில் ஒவ்வொரு பார்சலிலும் வைக்கிறேன். இவருக்கும் வைத்தேன்.

நான் கேட்டபோது அவர் சொன்னது: "எட்டு நாள் நீங்கள் சொன்னபடியே பழக்கினேன். ஒன்பதாம் நாள் அடுப்பில் வைத்தேன். டப்பென்று சத்தம், தண்ணீர் அடுப்பு முழுக்க ஓடியது. வரும்போதே விரிசல் இருந்திருக்க வேண்டும்." விரிசல் இருந்திருந்தால் எட்டு நாளும் கஞ்சி ஒழுகியிருக்க வேண்டாமா? எந்தத் தீயில் வைத்தீர்கள் என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் இல்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2,150 ரூபாயில் கல்தச்சருக்கு 1,100, தளத்தின் கமிஷன் 310, கூரியர் 290, பெட்டியும் பொதி சாமான்களும் 110. என் கையில் நிற்பது 340 ரூபாய். இந்த ஒரு சட்டிக்கு முழுப் பணம் திருப்பினால், நான்கைந்து சட்டி விற்ற லாபம் போய்விடும். தளம் பணத்தை நிறுத்திவைத்திருக்கிறது. வியாழன் மாலைக்குள் நான் ஆதாரத்துடன் பதில் சொல்லாவிட்டால் அவருக்கே போய்விடும்.

நான் மறுக்கப்போகிறேன். என்ன ஆதாரம் வைத்தால் நிற்கும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பார்சல் கட்டும்போது எடுத்த வீடியோ முழுவதும் என்னிடம் இருக்கிறது.

---

குத்துவிளக்கு வியாபாரி (பதில் 1)

அக்கா, விட்டுக்கொடுக்காதீர்கள். வீடியோ இருக்கிறது என்றீர்களே, அதுவே உங்கள் உயிர். நான் கும்பகோணம் பக்கம் பித்தளை விளக்கு விற்கிறேன். வீடியோ எடுக்கும் பழக்கம் வருவதற்கு முன் ஒருவர் ஐந்தரை கிலோ விளக்கை வாங்கி, "தண்டு வளைந்திருக்கிறது" என்று திருப்பி அனுப்பினார். பெட்டியைத் திறந்தால் அது என் விளக்கே இல்லை. மெல்லிய தகட்டில் செய்த வேறு விளக்கு. என் விளக்கின் அடியில் பட்டறை முத்திரை இருக்கும்; இதில் இல்லை. ஆனாலும் என்னிடம் அனுப்பியபோது எடுத்த படம் இல்லை என்று தளம் கையை விரித்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரே ஒழுங்கு. ஆர்டர் எண் எழுதிய சீட்டைப் பொருளின் பக்கத்தில் வைத்து, வெட்டாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுப்பேன். எடை மெஷினில் வைத்து எடை தெரியக் காட்டுவேன். பெட்டியை மூடி டேப் ஒட்டி, கூரியர் ஸ்டிக்கர் ஒட்டுவதுவரை கேமரா நிற்காது. உங்கள் வீடியோவில் சட்டியின் உள்பக்கம், வெளிப்பக்கம், விளிம்பு மூன்றும் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அடுப்பு வளையம் விழுந்த அவர் படத்தை அருகில் வைத்து அனுப்புங்கள். கறுத்த சட்டியைக் காட்டிப் பணம் கேட்பவருக்கு இரக்கம் காட்டினால் அடுத்த மாதம் பத்துப் பேர் வருவார்கள்.

---

ஆத்தூர் கல்சட்டி

நன்றி தம்பி. வீடியோ ஒரே ஓட்டம்தான். மாமியார் தட்டிப் பார்க்கும் ஒலிகூடத் தெளிவாகக் கேட்கிறது. விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிக் காட்டியிருக்கிறேன். பழுதே இல்லை.

---

நுகர்வோர் வழக்கு (பதில் 2)

சகோதரி, நான் திருச்சியில் வழக்கறிஞராக இருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் வாங்கியவர் பக்கமும் விற்றவர் பக்கமும் நின்றிருக்கிறேன். கோபம் தணிந்த பிறகு இதைப் படியுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020 ஜூலையில் வந்தன. அதில் 6ஆம் விதி உங்களைப் போன்று தளத்தில் விற்பவர்களுக்கானது. பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, அதைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பவும் மறுக்கக் கூடாது. ஆக, "ஒன்பது நாள் கழித்துச் சொன்னார்" என்பதை உங்கள் முதல் வாதமாக வைக்காதீர்கள். அது வலுவில்லாதது. பழக்க ஒரு வாரம் ஆகும் என்று சொன்னவரே நீங்கள். ஒரு வாரம் அடுப்பில் ஏற்றாமல் வைத்திருந்தார் என்பது அவர் உங்கள் சொல்லைக் கேட்டதற்குச் சான்றாகத்தான் வாசிக்கப்படும்.

அதே விதியின்படி விற்பவரும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இரண்டு பேர் நடத்தும் கடையில் அந்த அலுவலர் நீங்களேதான். ஆகவே அவருக்கு இன்றே எழுத்தில் பதில் அனுப்பி, தேதி தெரிய வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கூரியரிடம் ஒப்படைத்ததோடு என் பொறுப்பு முடிந்தது என்று சிலர் உங்களுக்கு யோசனை சொல்லக்கூடும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 39ஆம் பிரிவு, கொண்டுசெல்பவரிடம் கொடுப்பது வாங்குபவரிடம் கொடுத்ததற்குச் சமம் என்று முதல்நோக்கில் சொல்கிறது. ஆனால் பொருளின் தன்மைக்கேற்ற நியாயமான ஏற்பாட்டைக் கொண்டுசெல்பவரோடு செய்திருக்க வேண்டும் என்ற கடமையையும் அதே பிரிவு விற்பவர்மேல் வைக்கிறது. அதோடு, தளத்தில் கடை திறந்தபோது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகள் அனேகமாக வழியில் ஏற்படும் சேதத்தை உங்கள் தலையில்தான் போட்டிருக்கும். படித்துப் பாருங்கள்.

உங்களுக்குச் சாதகமாக இருப்பது ஒன்றே. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியதால் உடைந்தது என்பது. அதை நிலைநாட்ட, பழக்கும் முறை வாங்குவதற்கு முன்பே அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பார்சலுக்குள் வைத்த தாள் வாங்கிய பிறகுதான் கைக்கு வருகிறது. விற்பனைப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

அவர் புனேயிலிருந்தே வழக்குப் போட முடியும் என்பதையும் மறக்காதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார்தாரர் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. 2,150 ரூபாய்க்காக நீங்கள் புனே போவதா?

---

ஆத்தூர் கல்சட்டி

ஐயா, விற்பனைப் பக்கத்தில் "பழக்கிய பின் பயன்படுத்தவும்" என்ற ஒரு வரிதான் இருக்கிறது. தீ எவ்வளவு என்பதெல்லாம் தாளில் மட்டும்தான். இது என் குறைதான், ஒப்புக்கொள்கிறேன். அதை இன்றே மாற்றுகிறேன். குறைதீர் அலுவலர் என்ற விஷயமே எனக்கு இதுவரை தெரியாது. அவருக்கும் பதில் எழுதிவிட்டேன்.

ஆனால் அவர் தீயைப் பற்றிப் பேச மறுப்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

---

மயிலாப்பூர் சமையலறை (பதில் 3)

நான் விற்பவள் இல்லை, வாங்கியவள். போன ஆண்டு வேறொருவரிடம் வாங்கிய கல்சட்டி என் கையில் உடைந்தது. பழக்கியதில் குறை இல்லை. ஆனால் கீரை மசியல் வைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பிளந்துவிட்டது. தவறு என்னுடையது என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். அதனால் யாரையும் கேட்கவில்லை.

அந்தப் பெண் பொய் சொல்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிக்கு வரி அதுதான் தெரிகிறது. எட்டு நாள் கஞ்சி ஊற்றிக் கொட்டுகிறவர் ஏமாற்றுகிறவராக இருக்க மாட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஏமாற்ற நினைப்பவர் பெட்டி வந்த அன்றே கீழே போட்டுப் படம் எடுப்பார். தீயைப் பற்றி வாய் திறக்காததற்குக் காரணம் பயமாக இருக்கலாம். ஒரு முறை தொலைபேசியில் பேசிப் பாருங்கள்.

---

ஃபவுண்டரி தாத்தா (பதில் 4)

அம்மா, நான் கோவையில், இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் தரப் பரிசோதனைப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பம்ப் உடல்கள், வால்வு வார்ப்புகள் என்று கையில் எடுத்துப் பார்த்த விரிசல்களுக்குக் கணக்கில்லை. கல்லில் எனக்குப் பெரிய அனுபவம் கிடையாது. என் மனைவி இருந்தவரை வீட்டில் ஒரு கல்சட்டி இருந்தது, அவ்வளவுதான். ஆனால் விரிசல் எங்கே பிறந்தது என்று கேட்கும் வழி இரும்புக்கும் கல்லுக்கும் ஒன்றுதான். நீங்கள் போட்ட மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நீங்கள் அடிப்புற வளையத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வளையம் சொல்வது சட்டி அடுப்பில் ஏறியது என்பதை மட்டும்தான். அதை அவரே மறுக்கவில்லையே. கேள்வி, விரிசல் எந்த முனையில் தொடங்கியது என்பது. தீயின் வெப்பத்தால் மட்டுமே பிளந்திருந்தால், சூடு அதிகம் படும் அடியோடு அதன் தொடர்பு தெரியலாம். அடியைச் சுற்றியோ அடியைக் குறுக்கே வெட்டிக்கொண்டோ ஓடியிருக்கலாம். அடி விரியும்போது குளிர்ந்த விளிம்பு இழுபட்டு மேலிருந்தும் பிளக்கலாம், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. உங்கள் சட்டியில் விளிம்பில் வாய் அகன்று, கீழே போகப் போக மெலிந்து, அடிக்கு இரண்டு விரல் மேலேயே மறைந்துவிடுகிறது. இது மேலிருந்து இறங்கிய விரிசல் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது என்று மட்டும் சொல்கிறேன், படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது படத்தில் விரிசல் விளிம்பைத் தொடும் இடத்தில், உள்பக்கமாக, மிளகு அளவில் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கிறது. மற்ற இடமெல்லாம் ஒரே கறுப்பு, அங்கே மட்டும் மஞ்சள். மாக்கல் நகத்தால் கீறினாலே கீறல் விழும் மென்மையான கல். அதில் ஏதாவது மோதினால் மோதிய இடம் நொறுங்கி மாவாகும். அந்தப் பொடிந்த குழியில் மஞ்சள் போய்த் தங்கியிருக்கிறது. அப்படியானால் மோதல் முதலில், மஞ்சள் பிறகு.

இதைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்க நாங்கள் சிவப்புச் சாயம் தடவுவோம். சாயம் விரிசலுக்குள் இறங்கும். மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சு அடித்தால், உள்ளே போன சாயம் கசிந்து வந்து சிவப்புக் கோடாக நிற்கும். உங்கள் வாடிக்கையாளர் தமக்கே தெரியாமல் அந்தச் சோதனையைச் செய்து முடித்துவிட்டார். விளக்கெண்ணெயும் மஞ்சளும் எட்டு நாள் தடவியிருக்கிறார் அல்லவா? விரிசல் அதற்கு முன்பே இருந்திருந்தால் எண்ணெய் அதற்குள் புகுந்து, உடைந்த முகம் மஞ்சளாகக் கறை பிடித்திருக்கும். அடுப்பில்தான் பிளந்தது என்றால் உடைந்த முகம் உங்கள் புதுச் சட்டியைப் போலவே சுத்தமான வெளிர் சாம்பலாக இருக்கும். மேல்தோல் மட்டும் மெல்லிய கோடாகக் கறுத்திருக்கும்.

சட்டியை விரிசல் வழியே இரண்டாகப் பிரித்து, உடைந்த முகத்தை வெயிலில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படம் இல்லாமல் நீங்கள் மறுப்பதும் தவறு, பணம் கொடுப்பதும் தவறு.

கஞ்சி ஏன் ஒழுகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். விரிசல் விளிம்பிலிருந்து மூன்று நான்கு விரல் மட்டும் இறங்கியிருந்து, கஞ்சி அதற்குக் கீழே நின்றிருந்தால் எப்படி ஒழுகும்? மேலே பிறந்த சின்ன விரிசலை அடுப்பின் சூடு கீழே இழுத்திருக்கலாம்.

கடைசியாக ஒரு கேள்வி. மோதிய தடம் உள்பக்கம் இருக்கிறது. வெளியே பெட்டி விழுந்து அடிபட்டிருந்தால் தடம் வெளிப்பக்கம்தான் இருக்கும். சட்டிக்கு உள்ளே என்ன வைத்துக் கட்டினீர்கள்?

---

குத்துவிளக்கு வியாபாரி

ஐயா சொல்வது அறிவுக்குப் பொருந்துகிறது. ஆனால் உடைத்துக் காட்டச் சொன்னால் தளம் அதைப் பிடித்துக்கொள்ளும், "பொருள் திருப்பி அனுப்பும் நிலையில் இல்லை" என்று. அக்கா, எழுத்தில் இருவரும் ஒப்புக்கொண்ட பிறகு உடைக்கச் சொல்லுங்கள்.

---

ஆத்தூர் கல்சட்டி (புதன் இரவு)

தாத்தாவின் கடைசிக் கேள்வியைப் படித்ததும் வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். இதற்கு முன் ஆறேழு முறை பார்த்துவிட்டேன், ஆனால் ஒவ்வொரு முறையும் விளிம்பில் விரல் ஓட்டும் இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். சட்டி நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் போதும் என்றாகிவிட்டது.

அதற்குப் பிறகு நான்கு நிமிடம் ஓடுகிறது. பெரிய சட்டியைச் சுற்றிக் காற்றுக் குமிழித் தாள் மூன்று சுற்று. பெட்டியின் நான்கு பக்கமும் வைக்கோல். வெளியே இன்னொரு பெட்டி. எல்லாம் ஒழுங்கு. சட்டிக்குள்ளே மட்டும் செய்தித்தாளைக் கசக்கிப் பாதிவரை நிரப்பி, அதன்மேல் அரை லிட்டர் சட்டியை ஒரே ஒரு தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். இடம் மிச்சம், கூரியர் காசும் மிச்சம் என்று அப்படி வைத்தேன். சின்னச் சட்டியின் தோள் பெரிய சட்டியின் விளிம்புக்கு நேராக நிற்கிறது. நடுவில் ஒரு தாள். பெட்டி ஒரு முறை சாய்ந்தாலே கல்லும் கல்லும் மோதும். ஐந்து நாள் லாரியில் போயிருக்கிறது.

சட்டி நல்ல நிலையில் இருந்ததற்குச் சாட்சி என்று நான் அனுப்பவிருந்த வீடியோ இது.

மயிலாப்பூர் அம்மா சொன்னதுபோல் அந்தப் பெண்ணிடம் தொலைபேசியில் பேசினேன். தீயைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: சின்னப் பர்னரில் வேறு பாத்திரம் இருந்ததால் பெரிய பர்னரில் வைத்தாராம். குறைத்துத்தான் வைத்தேன், ஆனால் ரொம்பக் குறைவில்லை என்றார். அதைச் சொன்னால் பணம் வராது என்று வீட்டில் யாரோ சொன்னதால் எழுதவில்லை. அவருடைய பாட்டி வீட்டில் கல்சட்டி இருந்ததாம், பாட்டி போன பிறகு யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். சட்டியைப் பிரித்துப் படம் எடுக்க இருவரும் சம்மதம் என்று தளத்தின் உரையாடல் பெட்டியிலேயே எழுதிவிட்டோம். நாளைக் காலை அனுப்புவார்.

---

ஆத்தூர் கல்சட்டி (வியாழன் மதியம்)

படம் வந்துவிட்டது. கீழே போட்டிருக்கிறேன். தாத்தா, நீங்கள் பார்க்க வேண்டும்.

உடைந்த முகம் இரண்டு நிறமாக இருக்கிறது. விளிம்பிலிருந்து மூன்றரை விரல் அளவுக்கு மஞ்சளும் எண்ணெயும் முழுச் சுவரையும் ஊடுருவி, பழைய பித்தளை நிறத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே சுத்தமான சாம்பல், பட்டறையிலிருந்து வந்த அன்று இருந்ததைப்போல. இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டதுபோல் எல்லை தெரிகிறது. மாமியாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "மேலே இருக்கிறது நம்முடையது" என்றார்.

தளத்துக்கு நான் அனுப்பிய பதில் இது: கோரிக்கையை ஏற்கிறேன், முழுப் பணத்தையும் கொடுக்கலாம், பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. உடைந்த கல்லை நாலரை கிலோ எடைக்குக் கூரியர் கட்டி வரவழைத்து நான் என்ன செய்யப்போகிறேன்? பாதிப் பணம் கொடுத்தால் போதுமே, கீழ்ப் பாதி அவர் தீயால்தானே பிளந்தது என்று என் கணவர் கேட்டார். நானும் அதை நினைத்துப் பார்த்தேன். மேலே விரிசல் இல்லாத சட்டியாக இருந்தால் அந்தத் தீயைத் தாங்கியிருக்குமா, தாங்கியிருக்காதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. என்னால் சொல்ல முடியாத ஒன்றுக்கு அவரிடம் 1,075 ரூபாய் பிடிக்க மனம் வரவில்லை.

வழக்கறிஞர் ஐயா, விற்பனைப் பக்கத்தில் பழக்கும் முறையை முழுதாகப் போட்டுவிட்டேன். முதல் முறை அடுப்பில் வைக்கும்போது எந்தப் பர்னர், எவ்வளவு தீ, எத்தனை நிமிடம் என்று படத்துடன் இருக்கிறது. எண்ணெய் தடவுவதற்கு முன்பே பகல் வெளிச்சத்தில் சட்டியைத் தட்டிப் பார்த்து, விளிம்பைப் படம் எடுத்து அனுப்பும்படியும் எழுதியிருக்கிறேன். கூரியரிடம் நான் இழப்பீடு கேட்கப்போவதில்லை. பெட்டி சப்பவில்லை, கிழியவில்லை. உள்ளே நான் வைத்த கல்தான் மோதியது.

விளக்குத் தம்பி, நீங்கள் சொன்னதில் ஒன்றும் தவறில்லை. வீடியோதான் உயிர் என்றீர்கள், அதுதான் உண்மையைக் காட்டியது. இனி ஒரு சட்டிக்குள் இன்னொரு சட்டி கிடையாது. சின்னதுக்குத் தனிப் பெட்டி, கூரியர் 70 ரூபாய் கூடும், அதை விலையில் சேர்த்துவிட்டேன்.

அந்தப் பெண் இன்னொரு மூன்று லிட்டர் சட்டி வேண்டும் என்று கேட்டிருக்கிறார், முழு விலைக்கு. திங்கட்கிழமை பட்டறையிலிருந்து வருகிறது. அரை லிட்டர் சட்டியை அவர் இன்னும் பழக்கவே ஆரம்பிக்கவில்லையாம். மோதியது இரண்டும்தானே, அதனால் அதன் தோள்பக்கத்தைத் துடைத்து, தட்டிப் பார்த்து, படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.